நூல் தெரியும்வரை ஓடிய டயர்

ஸ்போர்ட்ஸ் காரின் டயர் வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக நம்பினேன். டிவியில் கார் பந்தயம் பார்த்தால் அந்த டயர்களில் கோடும் இருக்காது, பள்ளமாக வெட்டின காடியும் இருக்காது. எண்ணெய் தடவின கருங்கல் மாதிரி பளபளவென்று இருக்கும். ஆகவே டயர் தேயத் தேயக் கார் தன் உண்மையான தகுதிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. இதை நாலு பேரிடம் விளக்கியும் இருக்கிறேன். இரண்டு பேர் ‘அப்படிங்களா’ என்று தலையாட்டினார்கள். அந்த இரண்டு பேரை நினைத்தால்தான் இப்போது கூடுதலாக எரிச்சல் வருகிறது.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் விற்கிறவனுக்கு இரண்டே சீட் உள்ள சிவப்புக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி முதல் நாளே கேட்டுவிட்டாள். “ஏனுங்க, பின்னாடி சீட்டு எங்கீங்க?” கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்து விற்ற கார் அது. எனக்குத் தலையில் முடி கொட்டி முடிந்த வருஷம் வாங்கினேன். தரைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிதான். உட்காருவது சுலபம், எழுந்திருக்க ஒருத்தர் கை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை ஏறி இறங்கியபிறகு, “எனக்கு டவுன் பஸ்ஸே போதுஞ் சாமி” என்று கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மகள் அப்படியில்லை. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். கார் ஓட்டப் பழகியதே இதில்தான். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். வாழப்பாடியில் அவளுடைய கல்லூரித் தோழிக்குக் கல்யாணம், வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். “நானே தனியா ஓட்டிட்டுப் போறம்ப்பா” என்றாள். ‘தாராளமாப் போ’ என்று நானும் சொல்லிவிட்டேன். மண்டபத்து வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்கப்போவதாகத் தோழிகள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் இதுவரை தனியாகப் போன தூரம் சேலம் வரைக்குந்தான். வாழப்பாடி அதற்கும் அப்பால். இரண்டு மாதமாக அவளுக்கு இதே பேச்சு.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் சங்ககிரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஐப்பசித் தூறல். பெரிய வேகம்கூட இல்லை. வளைவில் லேசாக பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். பின்பக்கம் எனக்கு முன்னால் போக ஆசைப்பட்டது. கார் ஒரு அரை வட்டம் அடித்து, வந்த வழியையே பார்த்து நின்றது. நான் சற்று முன் தாண்டி வந்த ரிக் லாரி இப்போது நேர் எதிரே வந்து பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏனுங்ணா, ஊட்ல அடுப்ப அணைக்க மறந்துட்டீங்களா? இப்பிடி ஒரேயடியாத் திரும்பிட்டீங்க!”

“ஆமாங்க, பால் பொங்கிரும்” என்றேன். சொன்னது வாய்தான். கால் பிரேக்கை விட்டு எழவே மாட்டேன் என்றது. வீடு வரைக்கும் இருபதில் வந்தேன். சைக்கிள்காரர் ஒருத்தர் என்னைத் தாண்டும்போது திரும்பி ஒரு அனுதாபப் பார்வை பார்த்தார்.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசலில் குத்த வைத்து உட்கார்ந்து, பின் டயரின் காடிக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன். வெளிப்பக்கக் காடியில் கொஞ்சம் ஆழம் இருந்தது. ‘பட்டன் இருக்குதே’ என்று உயிர் திரும்பி வந்தது. டயரின் மேல் எழும்பி நிற்கிற ரப்பருக்கு எங்கள் பக்கம் பட்டன் என்று பெயர். ஆனால் காடிக்குள்ளே குறுக்காகச் சின்னச் சின்னத் திட்டு தெரிந்தது. ஒருவேளை வழுக்கியது இதனால்தானோ என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து அரை மணி நேரம் சுரண்டினேன்.

மகள் வந்து நின்றாள். “என்னப்பா பண்றே?”

“தார் ஒட்டிட்டு நிக்குது சாமி.”

அவள் குனிந்து பார்த்தாள். போனில் எதையோ தேடிப் படித்தாள். “அப்பா, அது தாரில்ல. டயரோடயே பொறந்தது. பட்டன் தேஞ்சு அந்தத் திட்டு மட்டத்துக்கு வந்துட்டா டயரை மாத்தணும்னு அடையாளம். நீ அடையாளத்தைச் சுரண்டிட்டு இருக்கே.”

“இப்ப மட்டத்துக்கு வந்துருச்சா?”

“இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் இருக்குது.” அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்ககிரி ரோட்டைச் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

சாயங்காலம் என் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், எட்டு லாரி வைத்திருப்பவர். டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டினார்.

“நூல் தெரியுதா மாப்ள?”

“தெரியல மச்சான்.”

“அப்பறம் என்ன அவசரம்? நூல் தெரியட்டும்.”

லாரிக்காரர்கள் பாஷையில் டயருக்குள்ளே இருக்கிற கம்பிக்கும் நூல் என்றுதான் பெயர். ரப்பர் தேய்ந்து அது எட்டிப் பார்க்கிற வரைக்கும் டயர் நல்ல டயர். எட்டிப் பார்த்துவிட்டால் கழற்றிக் கொண்டுபோய், மேலே புது ரப்பர் பட்டை ஒட்டி மறுபடியும் ஓட்டுவார்கள். “ஒட்டக் குடுத்தாப் புதுசாட்டம் வந்துரும். நாமக்கல்ல நம்ம ஆளு இருக்கறாப்ல” என்றார். எனக்கு அது அமிர்தமாக இருந்தது. டயரில் பிழைக்கிற ஊரில் பிறந்துவிட்டு இதற்குப் போய்ப் பதறினோமே என்று வெட்கப்பட்டேன். நாமக்கல் பக்கத்து ஆளைத் தவிர வேறு யாருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் டயரை ஒட்டக் கொடுக்கலாம் என்று தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி மச்சானின் டெம்போவில் போட்டுக்கொண்டு நாமக்கல் போனோம். முதலில் புது டயர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். ஐந்து கடை. ஒவ்வொன்றிலும் லாரி டயர் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. ஒரு கடைக்காரர் என் டயரைத் தூக்கிப் பார்த்து, “டயருங்களா, வளையலுங்களா? இத்தனை ஒல்லியா இருக்குது!” என்றார். இன்னொருத்தர், “பத்து வீல் லாரிக்கு வேணும்னா இப்பவே மாட்டித் தாரேன்” என்றார். எனக்கு அழுகையே வந்தது. மாவட்டம் முழுக்க டயர், எனக்கு மட்டும் டயர் இல்லை.

கடைசியில் ஒட்டுகிற பட்டறை. அந்தப் பட்டறைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டயரின் உள்பக்கத்து ஓரத்தில் விரலை ஓட்டினார், சட்டென்று எடுத்தார்.

“இதை யாருங்க ஓட்டறது?”

“நானும் எம்பொண்ணும்.”

“கையைக் குடுங்க” என்று என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். முள்ளு மாதிரிக் குத்தியது. கம்பி. ஒரு சாண் நீளத்துக்கு உள் ஓரம் முழுக்க ரப்பரே இல்லை.

“வெளிய பாத்தாப் பட்டன் இருக்கற மாதிரிதானுங்க இருக்கும். இந்த மாதிரிக் காருக்குப் பின்சக்கரம் தலையை உள்ளாற சாச்சு நிக்கும். உள் ஓரந்தான் மொதல்ல தேயும். குனிஞ்சு படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.” டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைத் துடைத்துப் படித்தார். “செஞ்சே ஒம்போது வருசமாச்சு. ரப்பரும் கல்லாயிருச்சு.”

“ஒட்டித் தர முடியாதுங்களா?”

“லாரி அறுபதுல போவுது. இது எத்தனைல போவும்? ஒட்டினது பிச்சுட்டுப் போச்சுன்னா நான் எங்கீங்க போய் ஒளியறது? நான் ஒட்டமாட்டனுங்க.”

பக்கத்தில் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நூல் தெரிஞ்சுருச்சல்ல மாப்ள, இப்ப மாத்திக்கலாம்” என்றார், தன் விதி ஜெயித்துவிட்ட திருப்தியோடு. அவரை அந்தப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் டெம்போ அவருடையது.

மகளுக்குப் போன் போட்டு, வண்டியில் இருக்கிற இன்னொரு பின் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். போனோடு வாசலுக்குப் போனாள்.

“இங்கயும் கம்பி இருக்குதுப்பா.” அப்புறம், “போன வியாழக்கிழமை மழைல நான் சேலம் போயிட்டு வந்தேனே. இந்த டயர்லதானே?”

எனக்கு எதற்கும் ஒரு பகடி வந்து விழும். அன்றைக்கு ஒன்றும் விழவில்லை. “ஆமாஞ் சாமி” என்றேன். சங்ககிரி ரோட்டையும் அப்போதுதான் சொன்னேன்.

பெங்களூரில் ஒரு கடையில் அளவு இருந்தது. வியாழக்கிழமை பார்சல் வந்துவிடும் என்று அடித்துச் சொன்னார்கள். வியாழக்கிழமை பார்சல் வந்தது. பிரித்தால் வேறு அளவு. போனில் கத்தினேன். “சாரி சார், மாத்தி அனுப்பறோம்” என்று அந்தப் பக்கம் ஒரு குரல் ரொம்பத் தன்மையாகச் சொன்னது. தன்மையாகச் சொல்கிறவனிடம் எப்படித்தான் கத்துவது.

மகள் விடவில்லை. “அந்தப் பழசையே மாட்டிக் குடுப்பா. நாப்பதைத் தாண்ட மாட்டேன். மழை வந்தா ஓரமா நிறுத்திக்கறேன்.” அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று தோன்ற ஆரம்பித்தது. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானமே மீதிப் பின் சக்கரத்தையும் கழற்றி, இரண்டையும் மச்சானின் லாரி ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் கேட்டால் நான் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். கார் கருங்கல் மேல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் என்னிடம் பேசவில்லை. மனைவி மட்டும், “குழம்பு ஊத்தட்டுங்களா?” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினாள். அங்கே மாறி வாழப்பாடி போனாள். முகூர்த்தம் முடிந்துதான் போய்ச் சேர்ந்தாள். அன்று முழுக்க வெயில். சரியான அளவு டயர் அடுத்த புதன்கிழமை வந்தது.