பெயர் ஒன்று, இனிஷியல் வேறு

கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றுவதற்கு முன், விரலை மடக்கி அதன் தகர முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். பிறகு உள்ளங்கையைச் சற்று நேரம் அந்தத் தகரத்தின் மேலேயே வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறப்ப கதவைத் தட்டிட்டுத்தானே போவோம்?" என்றார். அவரைப் பற்றி எழுதவிருந்த கட்டுரைக்கு நல்ல ஆரம்பம் கிடைத்துவிட்டது என்று நான் அதைப் பயபக்தியுடன் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் திருகாணியைச் சுழற்றியபடியே சேர்த்துச் சொன்னார்: "உடம்புல இருக்கிற கரண்ட் இரும்புல இறங்கிடணும். இல்லன்னா உள்ள இருக்கிற அட்டை செத்துப்போயிடும். ரெண்டும் நிஜந்தான். உங்களுக்கு எது பிடிக்குதோ அதை எழுதிக்கங்க."

எங்கள் குடியிருப்பில் அவருக்கு டிரைவரம்மா என்று பெயர். பெயர் வைத்த புண்ணியம் வாசல் காவல்காரரைச் சேரும். டிரைவரம்மாவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். இருவரும் புதிதாகக் குடிவந்த சமயம், "நீங்க என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்று காவல்காரர் கேட்டிருக்கிறார். "பஸ்ல டிரைவர் போடறது" என்று இவரும் உள்ளபடி பதில் சொல்லியிருக்கிறார். கணவன் வண்டி ஓட்டுகிறார், மனைவி ஓட்டுநர்களை நியமிக்கிறார் என்றால் எப்பேர்ப்பட்ட இடம்! மறுநாள் காலை காவல்காரரின் மைத்துனர் எண்ணெய் வைத்துத் தலை வாரி, ஓட்டுநர் உரிமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவரம்மாவின் வாசலில் நின்றார்.

டிரைவரம்மா மைத்துனரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு பழைய கணினியைத் திறந்து காட்டி விளக்கினாராம். பெட்டிக்குள் படம் காட்ட ஓர் அட்டை, ஒலி தர ஓர் அட்டை, வெளியே இருக்கும் கருவிகளோடு பேச வேறு அட்டைகள் என்று செருகியிருக்கும். அவை எல்லாம் கணினியோடு பேசிக்கொள்ள ஒரு பொதுப் பாதை உண்டு. அந்தப் பாதைக்குத்தான் அந்தத் தொழிலில் பஸ் என்று பெயர். ஒவ்வோர் அட்டையும் தன் பாஷையில்தான் பேசும். அதைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். சரியான அட்டைக்குச் சரியான டிரைவரைச் சேர்த்துவைப்பது இவர் வேலை. மைத்துனர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஹெவி லைசென்ஸ் தேவையில்லையா?" என்று கேட்டாராம்.

வீட்டில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. "உங்க பஸ்ஸுக்கு மொத்தமே ஒரு டிரைவர். என் பஸ்ல ஏறுற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டிரைவர் வேணும், தெரியுமா?" என்று ஒருமுறை என் எதிரிலேயே கணவரைச் சீண்டினார். அவர் காக்கிச் சட்டைக்குப் பித்தான் மாட்டிக்கொண்டே, "அவ்வளவு டிரைவர் ஏறினா வண்டி எங்க போகும்? கண்டக்டர் யாரு?" என்றார். "நான்தான்" என்றார் டிரைவரம்மா. கணவர் கடைசிப் பித்தானை மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கக் கிளம்பினார்.

அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தோளில் தொங்குவது நிஜமான கண்டக்டர் பை. கணவரின் பணிமனையில் ஓய்வுபெற்ற ஒருவர் கொடுத்தது. சில்லறை போடும் அறைகளில் அளவுவாரியாகத் திருகாணிகள், டிக்கெட் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் டிரைவர்கள் பதிந்த வட்டத்தட்டுகள், பின்பக்க உறையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர் ஒன்று. அட்டையின் அடியில் வரிசையாக இருக்கும் பித்தளை நிறப் பற்களில் அழுக்கு ஏறினால் அந்த ரப்பரால்தான் தேய்ப்பார். வேலை தொடங்கும்போது வளையல்களைக் கழற்றிப் பையின் வாரில் மாட்டிவிடுவார். டார்ச் விளக்கு வாயில். அதனால் அந்த நேரத்தில் அவர் பேசுவது எல்லாமே 'ம்'தான். சம்மதத்துக்கு ஒரு ம், கோபத்துக்கு ஒரு ம், "கையை எடுங்க"வுக்கு இன்னொரு ம். பழகிவிட்டால் மூன்றும் நன்றாகவே விளங்கும்.

கெட்டுப்போன கணினியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். நானும் என் பழைய ஸ்கேனருக்காகப் போனபோது சொன்னேன்: "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருமே ஒண்ணும் பண்ணாமதான் உலகத்துல இவ்வளவும் கெட்டுக் கெடக்கு" என்றார்.

அன்றுதான் அவருடைய இன்னொரு வழக்கத்தையும் முதலில் கவனித்தேன். கணினியை உயிர்ப்பித்து ஏதோ ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்து, வாய்விட்டு, "யாருங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பஸ்ஸில் செருகியிருக்கும் ஒவ்வோர் அட்டையையும் கணினி வரிசையாக யார் நீ என்று கேட்குமாம். அட்டை தன் பெயரை எண்களாகச் சொல்லுமாம். என் ஸ்கேனர் அட்டை சொன்னது. "வாங்க, வாங்க" என்று வரவேற்றார். பக்கத்தில் இருந்த புது ஒலி அட்டைக்கு வெறும் "வா"தான். வயதான அட்டைகளுக்கு நீங்க, நேற்று வந்தவற்றுக்கு நீ. கட்டிய கணவருக்கு நீங்களும் நீயும் அன்றன்றைய நிலவரப்படி.

"பதில் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பதில் வராத இடத்துலயே நின்னு கத்தக் கூடாது. அடுத்த இடத்துல போய்க் கேக்கணும். பஸ்ஸே அப்படித்தான் பண்ணுது. ஆனா ஒண்ணு, கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். நம்ம ஆளுங்களுக்கு அதுதான் வராது."

இவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றுவது என்று முடிவுசெய்தேன். அப்படிப் போனதில்தான் செவித்திறன் பரிசோதனை நிலையத்துக்குப் போக வாய்த்தது. இரண்டு அறைகள். உள்ளறையின் சுவர்களில் சத்தம் புகாமல் இருக்கத் தடித்த பஞ்சுப் பலகைகள். பரிசோதகர் நெட்டையானவர். நாள் முழுக்கக் காது மந்தமானவர்களோடு பழகுகிறவர் என்பதால், எல்லாரிடமும் முகத்தை நேரே காட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுகிறார். திட்டினாலும் அந்த நிதானத்தில்தான் திட்டுவார் என்று நினைக்கிறேன்.

அவருடைய பழைய கணினி எரிந்துபோய்விட்டது. டிரைவரம்மா ஒரு சிமெண்ட் கிடங்கில் தராசோடு சேர்ந்து மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்த கணினி ஒன்றைப் பிடித்துவந்து, பரிசோதனைக் கருவியின் அட்டையை அதில் மாற்றிக் கொடுத்திருந்தார். முதல் நாள் வேலை செய்தது. இன்று காலை திரையில் பரிசோதனைக்குப் பதிலாக ஒரு தராசுப் படம் வந்து நின்றது. எடை பூஜ்யம். கீழே, 'அடுத்த மூட்டையை வைக்கவும்.'

எதிரே ஒரு பெண் மடியில் கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், குழந்தையைச் சற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பரிசோதகர் எங்களுக்கு விளக்கினார். குழந்தை தூங்க வேண்டும். அப்போதுதான் தலையில் சின்ன வில்லைகளை ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி அனுப்பி, மூளைக்கு அது போய்ச் சேருகிறதா என்று திரையில் பார்க்க முடியும். அதற்காகவே விடிந்ததிலிருந்து குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, இரண்டு வண்டி மாறி வந்திருக்கிறார் அந்தத் தாய். "இப்ப பாப்பா தூங்கி எழுந்துட்டாள்னா, இன்னைக்கு மறுபடி தூங்க மாட்டா. பெரிய ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா காத்திருக்கணும். பேச்சு புடிக்கிற வயசு. தெரியாம நாள் போகக் கூடாது."

"கூப்பிட்டா திரும்பத்தான் செய்யறா" என்றார் தாய். "ஆனா எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாலும் ஒரே பக்கமாத்தான் திரும்புறா. சில நேரம் திரும்பவே மாட்டேங்கிறா. வீட்டுல எல்லாரும் பிடிவாதம், செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ அப்படித் தோணல."

டிரைவரம்மா பையை இறக்கிவைத்துவிட்டுக் குழந்தையின் பக்கம் குனிந்து, "யாருங்க நீங்க?" என்றார். வழக்கம்போலக் காத்திருந்தார். குழந்தை சால்வை நுனியைச் சப்புவதில் மும்முரமாக இருந்தது. "ரொம்ப சீனியர் போல" என்று சொல்லிவிட்டு மூடியைத் தட்டப் போனார்.

முதலில் அட்டையைப் பிடுங்கி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். மீண்டும் தராசு. பிறகு திரையில் அந்தத் தராசு டிரைவரைத் தேடிப்பிடித்து நீக்கினார். கணினியை அணைத்துப் போட்டார். தராசு மறுபடியும் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, அடுத்த மூட்டையைக் கேட்டது. "வெளிய அனுப்பினா பின்வாசல் வழியா வர்றாரு" என்றார். டார்ச் வாயில் இல்லாததால் குரலில் இருந்த எரிச்சல் நன்றாகவே கேட்டது.

"கண்ணு சொருகுதுங்க" என்றார் தாய். குழந்தையின் முகத்தில் ஊதினார், உள்ளங்காலைச் சுரண்டினார், எழுந்து நடந்தார். தூங்கவைக்கப் பாடுபடும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தூங்காமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சும் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். பார்க்கவே பாவமாக இருந்தது. கையில் பேனாவோடு ஒன்றுக்கும் உதவாமல் நின்றது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

டிரைவரம்மா அவசரப்படவில்லை. கட்டளையைத் தட்டினார். "யாருங்க?" என்றார். திரையில் எண்கள் வந்தன. இந்தமுறை வரிசையின் கடைசிவரை விரல்வைத்துப் படித்தவர், நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"பேர் ஒண்ணுதான். இனிஷியல் வேற."

எனக்காகத் திரும்பினார். "ஒரே வகுப்புல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா என்ன பண்ணுவாங்க? இனிஷியல் வெச்சுக் கூப்பிடுவாங்கல்ல? தராசு அட்டை பண்ணவங்களும், இந்த அட்டை பண்ணவங்களும் ஒரே கடையில ஒரே சிப் வாங்கியிருக்காங்க. யாருன்னு கேட்டா ரெண்டும் அந்த சிப்போட பேரைத்தான் சொல்லும். பின்னாடி இன்னொரு நம்பர் இருக்கு, பண்ணவங்க யாருன்னு. அதுதான் இனிஷியல். தராசு டிரைவர் பேரைக் கேட்டதும் நம்மாளுதான்னு ஓடி வந்துடறாரு. நேத்து நம்ம டிரைவர் முந்திக்கிட்டாரு, இன்னைக்கு அவரு முந்திக்கிட்டாரு." பிறகு பரிசோதகர் பக்கம் திரும்பி, "நேத்தே நான் பாத்திருக்கணும் சார். பேர் சரியா இருக்கேன்னு விட்டுட்டேன். என் தப்பு" என்றார்.

"இனிஷியல் இல்லாம நானும் ஒரு தடவ வேற ஒருத்தரோட ரிப்போர்ட்டை மாத்திக் குடுத்திருக்கேன்" என்றார் பரிசோதகர், ஒவ்வொரு சொல்லாக.

இந்த இனிஷியல் உள்ளவர் வந்தால் இந்த டிரைவர் மட்டுமே போக வேண்டும், தராசுக்காரர் கிட்டே வரக் கூடாது என்று ஒரு விதியை எழுதினார். எழுதியதை உதடசைத்து ஒருமுறை படித்தார். கணினியை அணைத்துப் போட்டுவிட்டு, கணினி உயிர்பெறும்வரை உட்காராமல் நின்றார். காதுக்குழாயை எடுத்துத் தன் காதில் வைத்தார். "டிக் டிக்குன்னு கேக்குது" என்றார். "வாங்க."

"விடுங்கம்மா, தூங்கட்டும்" என்றார் பரிசோதகர். தாய் நின்ற இடத்திலேயே தோளில் தட்டினார். நாலு தட்டுக்குள் குழந்தை தூங்கிவிட்டது. தாயும் குழந்தையும், கணினி இருந்த சக்கர மேசையைத் தள்ளிக்கொண்டு பரிசோதகரும் உள்ளறைக்குப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

டிரைவரம்மா கிளம்பியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது, இன்னொரு இடத்திலிருந்து அழைப்பும் வந்துவிட்டது. ஆனாலும் பையிலிருந்த திருகாணிகளை எல்லாம் வெளியே கொட்டி, ஏற்கெனவே சரியாக இருந்தவற்றை மறுபடி அளவுவாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பேனாவை மூடிவைத்துவிட்டு, கீழே உருண்ட திருகாணி ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

கதவு திறந்தபோது குழந்தை விழித்திருந்தது. பரிசோதகர் தாய்க்கு எதிரே உட்கார்ந்து, முகத்தை நேரே காட்டிப் பேசினார். "வலது காதுல எவ்வளவு சத்தம் குடுத்தும் ஒண்ணும் வரல. இடது காது நல்லா கேக்குது. நல்லாவே கேக்குது. ஒரு காது இருந்தாலே பேச்சு வந்துடும், பயப்படாதீங்க. வலதுக்கு என்ன செய்யலாம்னு நான் எழுதித் தரேன். அவ இடது பக்கமே திரும்புறது அதனாலதான். அவளுக்குச் சத்தம் எல்லாமே அங்க இருந்துதான் வருது."

தாய் கொஞ்ச நேரம் குழந்தையின் வலது காதை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப பிடிவாதம் இல்ல" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகுதான் அழுதார்.

டிரைவரம்மா வளையல்களை மாட்டிக்கொண்டு பையைத் தோளில் போட்டார். காலையில் எங்கே நின்று கேட்டாரோ, அதே இடத்தில், குழந்தையின் வலது பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாற்காலியின் இரும்புக் காலை ஒருமுறை தொட்டார். பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், இடது காதருகே குனிந்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.