நாலு கோட்டுத் தாளில் ஒரு மண்டலின்

எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இளம் பிள்ளைகளுக்கென்று வந்த ஒரு சங்கீதச் சஞ்சிகையின் பக்கங்களை வடிவமைத்தது நான். அதில் வந்த பாட்டுப் பக்கங்களைப் போல வேறு எவரும் செய்து நான் இன்றுவரை பார்க்கவில்லை.

சஞ்சிகையின் ஆசிரியை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டம் செய்பவரின் மகள், முறையாக வாய்ப்பாட்டுப் படித்தவள். நான் குருநகர். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் அது தேவாலயப் பங்குப் பாடற்குழுவில் மண்டலின் வாசித்த என் அண்ணைதான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மண்டலின். அதை நான் தொட்டால் கையில் அடி விழும். அதனால் அண்ணைக்கு எதிரே காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, அவருடைய இடக்கை விரல்களைப் பார்த்துப் பார்த்தே எந்தத் தந்தியில் எந்த விரல் என்று எல்லாப் பிடிகளையும் பாடமாக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பிடியையும் படமாகக் கீறிக் காட்டுவேன். வாசிக்க மட்டும் தெரியாது.

முதல் இதழுக்கு எட்டுப் பாட்டுகள் சேர்ந்திருந்தன. எல்லாம் எங்கள் வயதுப் பிள்ளைகளே எழுதி மெட்டுப் போட்டவை. வரிகளை மட்டும் போட்டால் போதும் என்றாள் அவள். ஒவ்வொரு வரிக்கும் மண்டலின் பிடியைப் படமாகப் போட வேண்டும், வாசிக்கத் தெரியாதவர்களும் வீட்டில் இருந்தபடி பழக வேண்டும் என்றேன் நான். படம் பார்த்துச் சங்கீதம் படிக்க முடியாது என்று அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வழக்கைத் தீர்த்து வைத்தது தாள்தான். போர்த் தடையால் கொழும்பிலிருந்து அச்சுத்தாள் வருவது நின்றிருந்தது. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தன. சுன்னாகத்தில் அச்சகம் வைத்திருந்த ஐயா, அந்தத் தாளும் முடிந்துவிட்டது, இங்கிலீஷ் எழுதிப் பழகும் நாலு கோட்டுக் கொப்பிகள்தான் மிச்சம் என்று சங்கடத்தோடு ஒரு கொப்பியை எடுத்துப் போட்டார். மேலே சிவப்பு, நடுவில் இரண்டு நீலம், கீழே சிவப்பு. அந்தக் கோடுகளுக்கு மேல் அச்சடித்தால் கண் வலிக்கும் என்று எவரும் அதை விரும்புவதில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்டலினுக்குத் தந்தி நாலு சோடி. என்னுடைய தந்திகளை எவரோ ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

விளங்கப்படுத்தியதும் தோழி இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். வாசிக்கத் தெரியாதவர்களும் இதைப் பார்த்து வாசிக்கலாம் என்று முதற் பக்கத்தில் எழுதுவோம், அது பொய்யாகிப் போனால் இதழ் வெளியே போகாது. நான் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பழைய செருப்பு றப்பரில் பேனை மூடியின் விளிம்பை அழுத்திச் சின்னச் சின்ன வட்டங்கள் வெட்டினேன். அவைதான் விரல் வைக்கும் புள்ளிகள். அவற்றைப் பலகையில் ஒட்டி, அச்சுக் கோக்கும் ஈய எழுத்தின் உயரத்துக்குத் தேய்த்துச் சரிசெய்தேன். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறி விழும், கவனம் என்று ஐயா நூறு தரம் சொன்னார். அதைச் சரியாகவே செய்தேன். கொப்பிக்குக் கொப்பி கோடுகள் விழும் இடம் வேறுபட்டது. நூலிழை விலகினாலும் புள்ளி தந்தியில் இராது. மூன்று பகல் யன்னல் வெளிச்சத்தில் தாள்களைப் பிடித்துப் பார்த்து வகை பிரித்தேன். ஐயா யந்திரத்தைக் காலால் மிதித்து அடித்தார். கோட்டுத் தொகுதிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையில் பாட்டு வரி, அதன் கீழே நாலு தந்திகளிலும் கறுப்புப் புள்ளிகள். அவ்வளவு வடிவாக வந்திருந்தது. மை காய முன்னமே ஒரு தாளை மடித்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தேன்.

அண்ணை தாளை முன்னால் வைத்து, படத்தில் உள்ளபடி பிடித்துத் தட்டினார். கேட்கச் சகிக்கவில்லை. மண்டலினுக்குச் சுருதி சேரவில்லை என்றேன். அவர் பொறுமையாகச் சுருதி சேர்த்துவிட்டு மறுபடி தட்டினார். முன்னதைவிட மோசமாக இருந்தது. தாளை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"நீ என்ரை கையைப் பார்த்துக் கீறியிருக்கிறாய். வாசிக்கிற ஆள் தன்ரை கையை இப்பிடியே பார்க்கும்?"

அப்போதுதான் விளங்கியது. எதிரே இருந்து பார்த்தால் தடித்த தந்தி மேலே தெரியும், கழுத்தின் நுனி வலப்பக்கம் போகும். மடியில் வைத்துக் குனிந்து பார்க்கிறவருக்கு இரண்டுமே தலைகீழ். நான் எட்டுப் பாட்டையும் எதிரே இருந்த கண்ணால் கீறியிருந்தேன். மேலும் கீழும் சிவப்புக் கோடாக இருந்ததால், எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தாளும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாத் தாளும் அடித்து முடிந்துவிட்டது. வேறு தாளும் இல்லை. தோழியின் முகம் கண்ணுக்குள் வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்படியென்றால் தலைகீழாக வைத்து வாசி என்று தாளைப் பாயில் எறிந்தேன். அப்படி வைத்தால் பாட்டு வரி தலைகீழாகிவிடும், அதை ஆர் படிக்கிறது என்று அண்ணை கேட்டார். நான் வழக்கம் போல அவருக்கு எதிரேதான் இருந்தேன். வரிகள் எனக்கு நேராகத் தெரிந்தன. எரிச்சலோடு முதல் வரியைப் படித்து, அதன் கீழே இருந்த புள்ளிகளை விரலால் தொட்டுக் காட்டினேன். அண்ணை தன் பக்கமிருந்து, தலைகீழாகத் தெரிந்த படத்தைப் பார்த்துப் பிடித்தார். சரியான பிடி. அடுத்த வரியும் சரி. என் குரலைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன், ஆனால் அந்தப் பாட்டை நாங்கள் கடைசிவரை பாடி முடித்தோம்.

அடுத்த நாள் காலை அண்ணையையும் மண்டலினையும் சுன்னாகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிழையை மறைக்காமல் தோழியிடம் சொன்னேன். அவள் தாளைக் கையில் வாங்கினாள். பிறகு அச்சகத்துச் சீமெந்து நிலத்தில் தாளை விரித்து, அண்ணைக்கு எதிரே இருந்து பாடினாள். நல்ல குரல், நல்ல பாட்டு. வேறொரு வேலையை அடித்துக்கொண்டிருந்த ஐயா மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தோழி தாளைத் தடவிப் பார்த்தாள்.

"இதைத் திருத்தாதை. இப்பிடியே போகட்டும்."

அட்டை இன்னும் அடிக்கப்படவில்லை. "இருவர் எதிரெதிரே இருந்து வாசிக்கவும்" என்று அதில் ஒரு வரி சேர்த்தோம். மண்டலின் வைத்திருக்கிறவர்களே குறைவு, ஒரு பிரதியை நாலு வீடு வாசித்த காலம் அது. சனம் குறை சொல்லவில்லை.

சில கிழமைகள் கழித்து, பிரதிகள் கொடுப்பதற்காகப் பருத்தித்துறைக்குப் போனேன். ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் பாய் போட்டு இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் மண்டலின், நடுவே எங்கள் சஞ்சிகை. மற்றவள் பாடிக்கொண்டே புள்ளிகளைத் தொட்டாள். நான் வேலியோரம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாடியவள் நிமிர்ந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து விளக்கம் தந்தாள்.

"அக்கா, இது தனிய வாசிக்கிற புத்தகமில்லை. முன்னாலை ஒராள் இருக்கோணும்."

பிழையாகக் கீறியது நான், அது அவள் வாயில் விதியாகியிருந்தது. நெஞ்சு நிறைந்துபோனது. இதைச் செய்ததே நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் வர என்னால் முடியாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாளா தெரியவில்லை. ஆனாலும் தள்ளி இருந்து பாயில் இடம் விட்டாள். எனக்குப் பாட வராது என்றேன். தான் பாடுவதாகவும், நான் புள்ளிகளைத் தொட்டால் போதும் என்றும் சொன்னாள். எட்டுப் பாட்டும் முடியும்வரை நான் அந்தப் பாயை விட்டு எழும்பவில்லை.