கப்பல் ஏணியின் பத்தொன்பது படிகள்

வவுனியாவில் இன்று ஒரு வங்கியின் இரும்புப் படிகளில் ஏறினேன். வழக்கம்போல் எண்ணினேன். பத்தொன்பது. மேலே போய்த் திகைத்து நின்றுவிட்டேன்.

எட்டு வயதில், இந்தியாவுக்கே போய்விடும் பெரியம்மாவை வழியனுப்ப, கிளிநொச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போனோம். பெரியம்மாவின் தகரப் பெட்டியை அக்கா தூக்கிக்கொண்டாள்.

“வச்சிட்டு எறங்கிர்றேன்டா. படிய எண்ணிக்கிட்டு இரு.”

கப்பல் ஏணியில் பத்தொன்பது படி ஏறினாள். இறங்குவதை எண்ணக் காத்திருந்தபோது ஏணியைத் தூக்கிவிட்டார்கள்.

“அப்பா, அக்கா இன்னும் எறங்கல!”

“கத்தாதடா. பெரியம்மா மகள்னு பாஸ்போர்ட்டுல பேரு போட்டாச்சு. அங்கயாவது படிக்கட்டும்.”

அப்போது அக்கா வெறுங்கையோடு ஏணி இருந்த இடத்துக்கு ஓடிவந்து, கீழே பார்த்தாள். அவளிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“உள்ளுக்கு வாங்கோ, ஐயா,” என்றார் வங்கிக் காவலாளி.

நான் திரும்பி, இறங்கும் பத்தொன்பதையும் எண்ணினேன்.