மாட்டுக்கு வைத்த மொடா

தருமபுரி கோர்ட்டை விட்டு வெளியே வந்து அதியமான்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வண்டி வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சலங்கைச் சத்தத்திலேயே எந்த மாடுகள் என்று தெரிந்தது. அவை சுற்றும் கரும்பாலையில் இரண்டு பருவம் அவற்றுக்குத் தண்ணீர் காட்டியவன் நான்.

"ஏறுடா, கொப்பரை சும்மா கெடக்குது," என்றார் ஆலைக்காரர். "அபராதத்தத்தான் நான் கட்டிட்டனே, இன்னும் என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு?"

நடையை எட்டிப் போட்டேன். நின்றால் கை நீண்டிருக்கும்.

வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் நுரையோடு அழுக்கு திரளும். அதை வழித்து ஒரு பெரிய மண் மொடாவில் ஊற்றி வைப்போம். ஓரிரு நாளில் புளித்துப் பொங்கும். தவிட்டைக் கலந்து வைத்தால், ஆலை சுற்றும் மாடுகள் மொடாவையே நக்கும். அப்படி வைக்கச் சொன்னவரே இவர்தான். எங்கள் பக்கத்து ஆலைகளில் அந்த மொடா இல்லாத கொட்டகை கிடையாது.

அப்போது மதுவிலக்கு. ஒரு நாள் ஏட்டு ஒருவர் போலீசோடு வந்து மொடாவை எட்டிப் பார்த்து, "சாராய ஊறல்" என்றார். காய்ச்சும் பானை எங்கே, குழாய் எங்கே என்று கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. பாட்டிலில் மொண்டு அரக்கு வைத்து மூடி, என்னையும் இழுத்துப் போனார்கள்.

ஜாமீனுக்கு ஆள் பிடித்த ஆலைக்காரர், "ஒத்துக்கடா, ஃபைனோட போயிடும்" என்றார். ஒத்துக்கொண்டால் பிறகு எந்த ஊரில் எந்த மொடா பொங்கினாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். ஊர் ஊராகப் பிழைப்பவனுக்கு அது ஒன்று போதும். "நீங்க உண்மையச் சொல்லுங்க" என்றேன். தலையாட்டினார்.

கூண்டில் ஏறியதும் சொன்னார்: "அது என்னான்னே எனக்குத் தெரியாதுங்க எசமான். அவன்தான் வெச்சிருந்தான்."

உண்மையைச் சொன்னால் கேஸ் அவர்மேல் திரும்பும், பருவத்தின் நடுவில் கொட்டகைக்குச் சீல் விழும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

"மாட்டக் கூப்புடுங்க சாமி, வெளியதான் கட்டியிருக்குது. பாட்டில மோந்து பாத்து அது சொல்லும்," என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. "அதுக்கும் ஒரு சம்மன் அனுப்பிடலாமா?" என்றார் ஏட்டு. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். புளித்த சரக்கு என்று அதில் இருந்தது. புளிக்காமல் என்ன செய்யும்? அபராதமும், கோர்ட் கலையும்வரை காவலும் என்றார். சாயங்காலம்வரை சுவர் மூலையில் நின்றேன்.

இப்போது வண்டி என் பக்கத்திலேயே ஊர்ந்தது. இடப்பக்கத்து மாடு என் தோளை முகர்ந்தது.

"உங்க மொடாவுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க," என்றேன்.

"சாராயக் கேசுக்காரனுக்கு எவன்டா வேல குடுப்பான்?" என்று கத்தினார். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவரே.

ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்தேன். மாட்டின்மேல் பட்டுவிடும் என்று கீழே போட்டேன்.

மறுநாள் காலை அதியமான்கோட்டைக்கு அப்பால், ரோடு போட ஜல்லி உடைக்கும் இடத்தில் போய் நின்றேன்.

"முன்ன என்ன வேல பாத்த?" என்றார் மேஸ்திரி.

"ஊறல் போட்டனாம். கோர்ட்டுல சொல்லிட்டாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"மாடுங்க கொற சொல்லலீங்க."

காலடியில் ஒரு சுத்தியல் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு கல்லின் முன் உட்கார்ந்தேன்.