பனிமலையில் கவிழ்த்து வைத்த சப்பாத்து

போன வாரம் ஜப்பானில் ஒரு பனிமலைப் பாதையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். சாமி கும்பிட அல்ல... ஒரு ஜோடி பழைய சப்பாத்தைப் போட்டோ எடுக்க!

"அங்கிள், வியூ அந்தப் பக்கம் லா!" என்று எங்கள் டூர் குழுவில் வந்த பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். அவ்வளவு தூரம் போய், எங்கள் ஊர் சிரம்பான் பாசாரில் மலிவாகக் கிடைக்கிற கறுப்பு ரப்பர் சப்பாத்தைப் படம் பிடிக்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சப்பாத்து என்னுடையதல்ல. என் காலில் வாடகை பூட்ஸ். அந்தச் சப்பாத்து என் மச்சான் சேகரனுடையது. என் மனைவிக்கு அண்ணன் — அதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. ரெம்பாவ் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம்.

பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவோடு பால்மரக்காட்டுக்குப் போவோம். எல்லார் காலிலும் இதே சப்பாத்துதான். அடியில் பல்பல்லாக இருக்கும், மழையில் வழுக்காது. வேலை முடிந்தால் வாசலில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பூரான் குடியேறியிருக்கும். ஒருநாள் சேகரன் தட்டாமல் போட்டுக்கொண்டான்... அவன் அலறிய அலறலில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு நாய் ஓடியே போய்விட்டது!

அந்தக் கிராணி வீட்டுச் சுவரில்தான் பனிமலை படம் போட்ட காலண்டர் தொங்கும். "ஒருநாளைக்கு அங்க போயி நிக்கணும்டா" என்பான் சேகரன். நாங்கள் வளர்ந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் காடு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

வயசான பிறகு ஒருவழியாகப் பயணத்துக்கு நாள் குறித்தோம். அதற்குள் இனிப்புநீர் வியாதி அவனுடைய இடது பாதத்தை எடுத்துக்கொண்டது. செயற்கைக் கால் வந்தது. அதை மூலையில் சாத்தி வைத்தவன்தான்... வாசலைத் தாண்டவே இல்லை. அவன் தங்கச்சி, என் மனைவி, கெஞ்சினாள். அவன் அசையவில்லை.

நானும் போகவில்லை என்றேன். அவனுக்கு வந்ததே கோபம்!

"நீயும் குந்திக்கிட்டா எனக்குக் கால் மொளைச்சிருமா? போடா!"

கிளம்பும் அன்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். உள்ளே இந்தச் சப்பாத்து.

"நான்தான் வரல. இதாச்சும் போகட்டும். பனியில நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அழுமூஞ்சி மெசேஜ் எல்லாம் வேணாம், சொல்லிட்டேன்!"

எடுத்தேன். குளிரில் விரல் மரத்துவிட்டது, வழிகாட்டி வேறு அவசரப்படுத்தினார். கீழே இறங்கி, பஸ் கிளம்பிய பிறகுதான் படத்தைப் பார்த்தேன். அடக் கடவுளே!

சப்பாத்து நிற்கவில்லை. பல்லெல்லாம் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. கழற்றிய சப்பாத்தைக் கவிழ்த்து வைத்தே பழகிய கை... பனியிலும் அப்படியே வைத்திருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கண்ணுக்கு அது தப்பாகவும் தெரியவில்லை!

மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று. 'நிக்கிற மாதிரி.' அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே! மலைக்குத் திரும்பவும் வழியில்லை. இருந்த படத்தையே அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ். முதலில் பேச்சே இல்லை — சிரிப்புதான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

"டேய் மடையா... ஐஸ்ல ஏதுடா பூரான்? எங்க போனாலும் தோட்டத்துப் பழக்கம் ஒன்ன விடாது லா! சீக்கிரம் கொண்டாந்து சேரு. அத நேரா நிறுத்த நான்தான் வரணும்போல!"

ஊர் திரும்பியதும் நேராகச் சிரம்பானில் அவன் வீட்டுக்குப் போனேன். மூலையில் செயற்கைக் காலைக் காணோம். அதை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்!

பையைப் பிடுங்கினான். வலது சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, காலில் மாட்டினான். பிறகு இடது சப்பாத்தையும் எடுத்தான். அதையும் கவிழ்த்தான். நன்றாகத் தட்டினான். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் செயற்கைக் காலில் மாட்டினான். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

அந்தக் காலைப் பூரான் கடித்தால் என்ன ஆகிவிடும்? நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்!