மீட்டரின் மேல் போட்ட பழி

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் பார்த்த பழைய கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூட்டுவலியால் பஸ் ஏறச் சிரமப்படும் என் மனைவிக்காகத்தான் போனோம். எஞ்சின் நன்றாக இருப்பதாக மெக்கானிக் என்னிடம் சொன்னார்.

"இம்புட்டு ஓடின வண்டி தேறாதுன்னு அவகிட்டச் சொல்லிருங்க" என்று அவரைத் தனியே அழைத்துக் கெஞ்சினேன். இந்த வயதில் கார் ஓட்ட எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கம். அவரும் அப்படியே சொல்ல, காரை வாங்காமல் திரும்பினோம்.

ஆறு மாதம் அவள் சேத்தூரிலிருந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸிலேயே போய்வந்தாள். ஒருநாள் படியில் அவள் தடுமாறியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு டிரைவர வச்சிருப்போம்ல! பிள்ளைகள அம்புட்டு மிரட்டுன வாத்தியாரு, ஸ்டியரிங்குக்குப் பயந்துட்டீகளே!" என்று சிரித்தாள்.

மீட்டரைப் பார்த்து மற்றவர்களும் தயங்கியதால் அந்தக் கார் இன்னும் விற்காமல் நின்றது; அதையே வாங்கிவிட்டோம். இப்போது டிரைவர் ஓட்ட, அவள் முன்சீட்டில் கால்நீட்டி உட்கார்ந்து வருகிறாள்.