பத்து கிலோவுக்குப் பதினெட்டு லிட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கு வாத்தியாரை நான் கணக்கில் ஜெயித்துவிட்டேன். நானா? ஆமாம், நானேதான்! பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிக் கணக்கில் பாஸான அதே ஆள்.

பாகூரில் எங்கள் பக்கத்து வீடு நூர்ஜகான் அக்காவுடையது. வாசலிலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அன்று அவர் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் கடலூரிலிருந்து ஒரு மணிக்கு வருகிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் பிரியாணி சமைக்கச் சொல்லிவைத்திருந்த பண்டாரியிடமிருந்து போன்... காய்ச்சலாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம்.

"நீங்களே வச்சிடுங்கக்கா. ஒரு அளவு சீரக சம்பாவுக்கு ஒண்ணரை அளவு தண்ணி. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மொத மொதல்ல சாப்புட வர்ற சம்பந்தி, செல்வி. சோறு கொழைஞ்சாலும் போச்சு, வெறைச்சு நின்னாலும் போச்சு. எம் பொண்ண ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க!"

வாங்கி வைத்திருந்த அரிசி பத்து கிலோ. தண்ணீர் எவ்வளவு? அக்காவின் தம்பி அன்வர் சார், கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு நொடியில் சொல்லிவிட்டார்.

"பத்து இன்ட்டு ஒண்ணரை. பதினஞ்சு லிட்டர். இதுல இன்னா யோசனை?"

எனக்கு எங்கேயோ இடித்தது. தினமும் அரிசி களைகிற கை ஆயிற்றே! "சார், பண்டாரி சொன்னது அளவு. மூட்டையில இருக்கிறது எடை. ஒரு கிலோ அரிசி ஒரு லிட்டர்ல அடங்காது சார்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோதானே?"

"தண்ணி சரி. அரிசி?"

"நான் பசங்களுக்குச் சொல்லித் தர்ற கணக்கும்மா இது. நீங்க சும்மா இருங்க."

சும்மா இருப்பதா? கடையில் இருந்த ஒரு லிட்டர் எவர்சில்வர் அளவை எலெக்ட்ரானிக் தராசில் வைத்து ஜீரோ ஆக்கினேன். அரிசியைத் தலைதட்டி நிரப்பினேன். தராசு காட்டியது — எண்ணூற்று முப்பது கிராம்! அரிசிக்கு அரிசி நடுவே காற்று உட்கார்ந்திருக்கிறது. அது இடத்தை அடைக்கும், எடை தராது. சார் தராசைத் தட்டிப் பார்த்தார். அது மாறவில்லை.

மொத்த அரிசியையும் அளந்துவிடலாம் என்று அக்கா ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு..." சார் செல்போனில் எண்ணிக்கொண்டே வந்தார். முடிந்ததும் "பதினொண்ணு" என்றார். அக்கா பன்னிரண்டு என்கிறார். விசாரித்தால், "ரெண்டு" என்று காதில் விழுந்தபோதுதான் சார் முதல் எண்ணிக்கையே போட்டாராம்! கடைக்காரர்கள் அளக்கும்போது ஒன்றை 'லாபம்' என்றுதானே எண்ணுவார்கள்.

"கடைக்காரன் வூட்டுல பொறந்துட்டு லாபத்தையே வுட்டுட்டியேடா!" என்று அக்கா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

பன்னிரண்டு அளவு அரிசி, பதினெட்டு அளவு தண்ணீர். சார் கணக்குப்படி போயிருந்தால் மூன்று லிட்டர் குறைந்திருக்கும். பாதி வெந்த அரிசியைச் சம்பந்தி வாயில் போட்டிருப்போம்.

நாம் எல்லோரும் இப்படித்தான். யூடியூபில் 'ஒரு கப்' என்றால் உடனே ஒரு கப் போட்டுவிடுகிறோம். யார் வீட்டுக் கப் என்று கேட்கிறோமா? ரைஸ் குக்கரோடு வந்த கப்பும் நம் காபி டம்ளரும் ஒன்றா?

தம் பிரித்து டேக்சாவைத் திறக்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கரண்டியை விட்டுக் கிளறினேன்... ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், பூவாய் உதிர்ந்தது! அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். இரண்டாவது தட்டுக்கு வந்து நின்ற முதல் ஆள் அன்வர் சார்.

சம்பந்தி அம்மா கிளம்பும்போது பண்டாரியின் நம்பர் கேட்டாராம். அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டார். நேற்று கடலூரிலிருந்து போன்:

"பண்டாரிம்மா, கல்யாணத்துக்கு எழுபது கிலோ... வந்துடுவீங்கல்ல?"